சோளக்காட்டில் ஆறடி மஞ்சள்!

மேஜை மேல் இருந்த டெலிபோன் அலறியது.

சார்ஜன்ட் துதுசிலே ஷாங்கே அதை எடுக்கவில்லை. முறைத்துப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

டிசம்பர் இருபது. காலை மணி பத்து.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுடைய கிறிஸ்துமஸ் லீவு ஆரம்பம். மூன்று வருஷமாகக் கிடைக்காத லீவு. வயது ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் தகராறு. மிச்சமிருக்கும் ஏழு மணி நேரத்தை எந்தப் பிணமும் குறுக்கே வராமல் ஓட்டிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

போன் விடுவதாக இல்லை!

"எடுங்க மேடம்..." என்றான் கான்ஸ்டபிள் லாங்கா. அவன் வாயில் பாதி அமக்வின்யா இருந்தது. எண்ணெயில் பொரித்த அந்த மாவுருண்டை ஒரு பை நிறைய இல்லாமல் அவனுக்கு ஜீப் ஓட்ட வராது. "எடுத்தா ஒரு தலைவலி. எடுக்கலைன்னா கேப்டன்கிட்ட இருந்து இன்னொண்ணு."

எடுத்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்."

"மேடம்... என் மக்காச்சோளம் செத்துப் போச்சு."

பெண் குரல். அழுகை இல்லை. பதற்றம் இல்லை. அலுத்துப்போன குரல்.

"அம்மா, விவசாய ஆபீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இது போலீஸ்."

"தெரியும் மேடம். தெரிஞ்சுதான் பண்றேன். காடு பூரா பச்சையா நிக்குது. நடுவுல ஒரு துண்டு மட்டும் மஞ்சளாகிச் செத்துக் கிடக்கு. அந்தத் துண்டு..."

"ம்... அந்தத் துண்டு?"

"ஆறடி நீளம். ரெண்டரை அடி அகலம்."

ஷாங்கே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு செடியப் பிடுங்கிப் பார்த்தேன் மேடம். மண்ணு பொதபொதன்னு உள்ள இறங்குச்சு. கையால கொஞ்சம் தோண்டினேன். உள்ள ஒரு... ஒரு பூட்ஸ்..."

"யாரோட பூட்ஸ்?"



"என் புருஷனோடது!"

* * *

பொங்கோலாவுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது எம்பங்வேனி. ஜீப் போய் நிற்பதற்குள் ஊரே அங்கே நின்றது.

காட்டைப் பார்த்ததும் ஷாங்கேவுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அப்படி ஒரு பச்சை! தொடை உயரத்துக்குச் சோளம். அடியில் ஒரு களை கிடையாது. எல்லாம் மருந்தில் கருகிச் சருகாகிக் கிடந்தது. நடுவில் மட்டும், அளவெடுத்து வெட்டியது மாதிரி ஒரு மஞ்சள் துண்டு.

பிணத்தை வெளியே எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. ஆறு வாரத்துப் பிணம். மண்டை பின்பக்கம் உடைந்திருந்தது.

பெயர், வெலாபி ந்துலி. வயது ஐம்பது. தொழில், பெரும்பாலும் குடி.

"இவதான்! இவளேதான் கொன்னா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான் ஒருவன். செத்தவனின் தம்பி ஸக்காரியா. அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒரு வாய்க் கஞ்சிக்குக் கூப்பிடாதவன். இப்போது நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"ஜோஹன்னஸ்பர்க் போயிட்டாருன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா மேடம்! அவரு இங்க இவ சோளத்துக்கு உரமாகிக் கிடந்திருக்காரு! புருஷனைக் கொன்னவளுக்கு இந்த நிலம் கிடையாது. ஊர்த்தலைவர்கிட்ட இப்பவே ஆள் அனுப்பியாச்சு. நாளைக்குக் காலையில கூட்டம். நிலம் எங்க குடும்பத்துக்குத் திரும்பணும்!"

"அண்ணனைத் தூக்கி இன்னும் வண்டியிலயே ஏத்தலை. அதுக்குள்ள நிலமா?" என்றாள் ஷாங்கே. "தள்ளி நில்லுங்க ஐயா. கத்துறத நாளைக்குக் கூட்டத்துல கத்துங்க."

வேலியோரம் ஒரு பெண் தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் செய்தவள். செத்தவனின் மனைவி மாசிபியா. நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஊர் தீர்ப்புச் சொல்லியாயிற்று!

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா?"

திரும்பினாள். சுத்தமான தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் மண்வெட்டி. விதைக் கடைக்காரன் மூஸி மசோண்டோ. இந்த மலையில் விதையும் மருந்தும் விற்கிற ஒரே ஆள். எப்படி நடுவது என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துகிறவனும் அவன்தான்.

"கையில என்ன மண்வெட்டி?"

"உதவலாம்னு எடுத்துட்டு வந்தேன் மேடம். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"சரி, சொல்லுங்க. இந்த ஆறடி மட்டும் ஏன் செத்துச்சு?"

"இவங்க நட்டது என்கிட்ட வாங்கின விதை. மருந்துக்குச் சாகாது. களைக்கொல்லி அடிச்சா களை சாகும், சோளம் அசையாது. சாதா விதையா இருந்தா களையோட சேர்ந்து சோளமும் போயிரும்."

"அப்ப இந்த இடத்துல இருந்தது சாதா விதை."

"கரெக்ட் மேடம்! குழி தோண்டினப்ப நட்ட விதையும் மண்ணோட கலைஞ்சு போச்சு. பொதைச்சிட்டு, அந்த இடம் மொட்டையாத் தெரியக் கூடாதுன்னு மேல வேற விதை போட்டிருக்காங்க. எல்லாம் ஒண்ணா முளைச்சிருச்சு. யாருக்கும் வித்தியாசம் தெரியல. பத்து நாளைக்கு முன்னாடி மருந்து பட்டதும்..."

"காட்டிக் குடுத்திருச்சு."

மூஸி குனிந்து ஒரு மஞ்சள் செடியைப் பிடுங்கினான். வேரை உதறிப் பார்த்தான். தலையை ஆட்டியபடி அதை வேலிக்கு வெளியே விட்டெறிந்தான்.

"வீட்டு விதை மேடம். அடுப்புக்கு மேல புகையில கட்டித் தொங்கவிடுவாங்களே, அந்தக் கருது."

"யார் வீட்டுது?"

மூஸி வாயால் சொல்லவில்லை. மோவாயால் மாசிபியாவின் சமையலறையைக் காட்டினான்.

* * *

தொங்கிற்று!

அடுப்புக்கு நேர் மேலே, கூரை மரத்தில், புகை படிந்த சோளக் கருதுகள். லாங்கா அண்ணாந்து எண்ணினான். முப்பத்திரண்டு.

"எல்லா வீட்லயும் தொங்குது மேடம்," என்றாள் மாசிபியா. "பக்கத்து வீட்ல போய்ப் பாருங்க. கஞ்சிக்கு வேணும்ல?"

ஷாங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் நன்றி சொன்னது.

"நட்ட அன்னிக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நவம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. கூட்டு நடவுக்கு, இலிமாவுக்கு, ஊரைக் கூப்பிட்டிருந்தேன். ஊர்ப் பொம்பளைங்க பதினாலு பேர் வந்து நட்டுக் குடுத்தாங்க. முடிஞ்சதும் பீர் ஊத்தினேன், களி போட்டேன். இருட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் போயாச்சு. நான் சர்ச்சுக்குப் போனேன். சனிக்கிழமை ராத்திரி முழிச்சிருந்து ஜெபம். காலையில வந்தேன், அந்தாளைக் காணோம்."

"தேடலையா?"

மாசிபியா சிரித்தாள். சிரிப்பில் உயிர் இல்லை.

"இருவது வருஷத்துல எத்தனை தடவை மேடம் தேடறது? சொல்லாம போவாரு. ஜோஹன்னஸ்பர்க்ல ஒருத்தி இருக்கா. காசு தீர்ந்தா வருவாரு. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஊருக்கு வருவாங்களே, அப்ப இதுவும் வந்து நிக்கும்னு நினைச்சேன்."

"கோபம் இருந்துச்சா?"

"கோபப்படறதுக்கு உடம்புல தெம்பு வேணும் மேடம். எனக்குக் களை எடுக்கறதுக்கே பத்தல."

லாங்கா மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். "மருந்து அடிச்சது யாரு?"

"நான்தான். வருஷா வருஷம் களைக்கொத்துதான். நவம்பர்ல குனிஞ்சா ஜனவரியிலதான் நிமிருவேன். அந்தாளும் போயிட்டாரா, இந்த வருஷம் முடியல. சர்ச் பொம்பளைங்க சங்கத்துல ஒரு ஸ்பிரே டேங்க் இருக்கு. விவசாய ஆபீஸ்ல சங்கத்துக்குன்னு மருந்தும் குடுத்தாங்க. முதுகுல மாட்டிக்கிட்டு நானே அடிச்சேன். மூணே மணி நேரம் மேடம்! மூணு மணி நேரத்துல மூணு மாச வேலை முடிஞ்சிருச்சு. வரப்புல உக்காந்து அழுதேன், சந்தோஷத்துல!"

இப்போது அவள் குரல் உடைந்தது. புருஷனின் பிணத்தைப் பார்த்து உடையாத குரல்.

"நானே பொதைச்சிருந்தா, நானே போய் அது மேல மருந்து அடிப்பேனா? நான் வாங்கின விதையில மிச்சம் அந்த டப்பாவுல இருக்கு. அதைப் போட்டிருந்தா உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே! நான் ஏன் மேல இருக்கற கருத உரிக்கணும்?"

மூலையில் இருந்த டப்பாவை லாங்கா திறந்தான். உள்ளே ரோஜா நிறத்தில் மினுமினுவென்று விதை. கம்பெனி பூசி அனுப்புகிற சாயம்.

நியாயமான கேள்விதான். ஆனால் பதற்றத்தில் மனிதர்கள் நியாயமாக நடப்பதில்லை. முப்பது வருஷத்தில் ஷாங்கே அதைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

செல்போன் அதிர்ந்தது. கேப்டன்!

"என்ன ஷாங்கே, பொண்டாட்டிதானே?"

"இன்னும் முடிவாகல சார்."

"எப்பவும் பொண்டாட்டிதான்ம்மா. விதைக்காரன் சாட்சி சொல்றானாம், தம்பி புகார் குடுக்கறானாம். இன்னும் என்ன வேணும்? செத்தவனே எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போடணுமா? அரெஸ்ட் பண்ணிக் கூட்டிட்டு வா. அஞ்சு மணிக்கு நீ வீட்டுக்குப் போ."

போன் கட்.

ஷாங்கே எழுந்தாள். அவளுக்கு அலுப்பாக இருந்தது. தன் மேலேயே கொஞ்சம் வெறுப்பாகவும் இருந்தது.

"வாங்கம்மா. ஸ்டேஷனுக்குப் போகலாம்."

மாசிபியா சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்தாள். தலைத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"ஜெயில்ல களை எடுக்கச் சொல்லுவாங்களா மேடம்?"

"தெரியல."

"சொல்லலைன்னா பரவாயில்ல. ஆனா நாளைக்குக் கூட்டத்துல நான் இல்லைன்னா காடு போயிரும். நான் நிமிர்ந்து நின்னு வளர்த்த ஒரே காடு மேடம் அது. ஸக்காரியா அறுவடை பண்ணுவான்... அதை நினைச்சாத்தான்..."



* * *

ஜீப்புக்குப் போகிற வழி காட்டோரமாகத்தான்.

மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மாசிபியா நின்றாள். பிணம் எடுத்தவர்கள் நடுவில் தோண்டியிருந்தார்கள். ஓரத்துச் செடிகள் அப்படியே நின்றன.

"நடங்கம்மா," என்றான் லாங்கா.

அவள் நகரவில்லை. குனிந்து பார்த்தாள். பச்சையைப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள். மறுபடி பச்சையை.

"மேடம்... இது எங்க ஊர் ஆளு நட்டது இல்ல."

"என்னது?"

"எங்க பச்சைய எண்ணிப் பாருங்க. குழிக்கு ரெண்டு. எல்லாக் குழியிலயும் ரெண்டு தட்டை. நாங்க அப்படித்தான் போடுவோம். ஒண்ணு காக்கா கொத்திட்டுப் போனாலும் இன்னொண்ணு நிக்கும். எங்க கை அதுக்கே பழகிருச்சு. எண்ணிப் போடறதில்ல, கையே போடும்."

"சரி..."

"இந்த மஞ்சளப் பாருங்க."

ஷாங்கே பார்த்தாள்.

ஒன்று.

ஒன்று.

ஒன்று!

ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு தட்டை. நூல் பிடித்த மாதிரி ஒரே இடைவெளியில்!

"இப்படி யாரு நடுவா?" ஷாங்கேவின் குரல் தாழ்ந்தது.

"இந்த மலையில யாரும் நட மாட்டாங்க. ஒருத்தன்தான் நடச் சொல்லித் திட்டுவான். 'குழிக்கு ஒண்ணு போடுங்கடி! விதை என்ன மண்ணாங்கட்டியா, தங்கம்!'னு வருஷா வருஷம் வந்து எங்க கைய அடிக்காத குறையா..."

அவள் நிறுத்தினாள். கண் விரிந்தது.

ஷாங்கே அதற்குள் மண்டி போட்டிருந்தாள். முழங்கால் இரண்டும் படீரென்று சத்தம் போட்டன. காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை! வலிக்கும் என்று நின்றபடியே பார்த்துவிட்டு, எவனோ பிடுங்கிக் காட்டியதை நம்பியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

ஒரு மஞ்சள் செடியைப் பிடுங்கினாள். வேரை விரலால் துடைத்தாள். வேரோடு ஒட்டிக்கொண்டு, முளைத்த விதையின் தோல் ஒன்று சுருங்கிக் கிடந்தது.

அதன் நிறம்...

ரோஜா!

"லாங்கா! அடுப்புக் கருது என்ன நிறம்?"

"வெள்ளை மேடம். புகை பட்டுப் பழுப்பு."

"இது?"

லாங்கா பார்த்தான். கையிலிருந்த பலகாரத்தை முதல் தடவையாகப் பைக்குள் திரும்பப் போட்டான்.

"கடை விதை! ஆனா மேடம், கடை விதை மருந்துக்குச் சாகாதே?"

"செத்திருக்கே! சாயம் கடையோடது, உள்ள இருக்கறது சாதா சோளம். இதைப் பிடுங்கிப் பார்த்த விதைக்காரனுக்கு இந்தச் சாயம் தெரியலையாம். வீட்டு விதைன்னு சொல்லிட்டு வேலிக்கு வெளிய வீசிட்டான்."

அவள் மெல்ல எழுந்தாள். "மாசிபியா, நீங்க எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது இதைச் சொன்னீங்களா?"

"மூஸி கடைக்குத்தான் முதல்ல போனேன் மேடம். 'உன் விதை ஒரு துண்டு செத்துப் போச்சு'ன்னேன். அவன் முகமே மாறிப் போச்சு. 'மருந்து அடிச்சியா? நீயா?'ன்னான். அப்புறம், 'யாரும் கை வைக்காதீங்க, சாயங்காலம் நானே வந்து தோண்டி, புதுசா நட்டுத் தரேன், காசு வேண்டாம்'னான்."

"மூஸியா? காசு வேண்டாம்னானா?"

"அதான் எனக்குப் பயம் வந்துருச்சு மேடம்! வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாப் பிடுங்கிப் பார்த்தேன்."

* * *

கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பெரிய பூட்டு.

லாங்கா பூட்டை உடைக்கவில்லை. கதவின் மேல் லேசாகச் சாய்ந்தான். கதவு உள்ளே விழுந்தது.

உள்ளே மாட்டுத் தீவனச் சோளம், மூட்டை மூட்டையாக. பக்கத்தில் சிமெண்ட் கலக்குகிற இயந்திரம் ஒன்று. அதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்தாள் ஷாங்கே.

ரோஜா நிறம்!

"அது... பழைய சாயம் மேடம். வீட்டுக்குப் பூச..."

வாசலில் மூஸி. சுத்தமான தொப்பி. அதற்குக் கீழே வேர்வை.

"எந்த வீட்டுக்கு? இந்த ஊர்ல ஒரு வீடு ரோஜா நிறத்துல காட்டுங்க, நான் போயிடறேன்."

மூஸி ஒரு அடி பின்னால் வைத்தான். லாங்கா என்கிற சுவர் தடுத்தது.

"எத்தனை பேருக்கு வித்தீங்க?"

மூஸி தொப்பியைக் கழற்றினான்.

"மூஸி, எனக்கு உங்களை அடிக்கக்கூடத் தெம்பில்ல. நீங்களே சொல்லிடுங்க."

அவன் ஒரு தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தான். அவனும் களைத்துத்தான் இருந்தான்.

"நாற்பது வீட்டுக்கு," என்றான். "யாருக்கும் நஷ்டமில்ல மேடம்! ஒருத்தர்கிட்டயும் டேங்க் கிடையாது, மருந்து வாங்க வழி கிடையாது. விளைச்சல் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டு வாங்கறாங்க. களைக்கொத்தால களை எடுக்கறவங்களுக்கு எந்த விதையா இருந்தா என்ன? விளைச்சல் குறைஞ்சா மழையத் திட்டுவாங்க. மருந்து அடிக்கறவங்களுக்கு மட்டும் நல்ல மூட்டையக் குடுப்பேன்."

"வெலாபி?"

"அவன்தான் இந்த மெஷினச் சுத்துவான். கூலி, ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில். வாயத் திறக்காத ஆளு. அன்னிக்குக் காலையில மாசிபியாவுக்கு மூட்டை எடுத்துட்டுப் போனேன். அவளும் களைக்கொத்துக்காரிதானேன்னு இந்தச் சாய மூட்டையத்தான் கொண்டு போனேன். வெலாபி வாசல்லயே மறிச்சுட்டான்..."

"என்ன சொன்னான்?"

"'ஊருக்கே போடு, எனக்கென்ன. என் பொண்டாட்டிக்கு இதைப் போடாத. அவ முதுகு போயிருச்சு. என்னைக்காவது ஒரு நாள் அவ மருந்து அடிப்பா. அன்னிக்கு இது செத்துச்சுன்னா அவளும் செத்துருவா. நல்ல மூட்டையக் கொண்டா, இல்லைன்னா நடறதுக்கு வந்திருக்கற பதினாலு பேர்கிட்டயும் இப்பவே சொல்லிருவேன்'ன்னான். கொண்டாந்து குடுத்தேன் மேடம். சாய மூட்டைய வண்டியிலயே போட்டுக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் கொன்னீங்க?"

"ஒரு தடவை வாயத் திறந்தவன் மறுபடி திறக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? சாயங்காலம் திரும்பி வந்தேன். அவ சர்ச்சுக்குப் போயிருந்தா. இவன் நல்லாக் குடிச்சிருந்தான்..." மூஸி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காடு பூரா அன்னைக்குத்தான் கொத்தியிருந்தாங்க. புதுசாத் தோண்டினது எங்கன்னு யாருக்குத் தெரியும்? வண்டியில இருந்த விதையப் போட்டு மூடிட்டேன். நல்ல விதை கைவசம் இருந்துச்சு மேடம்... ஆனா பிணத்து மேல போய்..."

"போட மனசு வரல."

"விலை அப்படி மேடம்!"

லாங்கா விலங்கை எடுத்தான். மூஸி கையை நீட்டும்போது ஆற்றாமையில் கத்தினான்.

"இருவது வருஷமா அவ களைக்கொத்துதான் பிடிச்சா! இந்த வருஷம் அவ டேங்கை மாட்டுவான்னு யாருக்கு மேடம் தெரியும்?"

"தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருந்தான்," என்றாள் ஷாங்கே. "அவனைத்தான் நீங்க பொதைச்சிட்டீங்க!"

* * *

மணி ஐந்தரை.

லீவு ஆரம்பித்து அரை மணி நேரமாகியிருந்தது. ஷாங்கே வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி எம்பங்வேனிக்கு வந்திருந்தாள்.

வாசலில் ஸக்காரியா நின்றான். காலையில் இருந்த சத்தம் குரலில் இல்லை.

"நாளைக்குக் கூட்டம்... அது நடந்தாகணும் மேடம். நிலம் என்னன்னு..."

"நடக்கட்டும். நானும் வரேன். அண்ணன் பிணம் கிடைச்ச அன்னிக்கே நீங்க நிலத்தைக் கேட்டதை ஊர்த்தலைவருக்கு என் வாயால சொல்றேன். உங்க அண்ணி பேர்ல ஒரு குத்தமும் இல்லைங்கறதையும் சொல்றேன். போங்க ஐயா, போய்ச் சவப்பெட்டிக்கு வழி பண்ணுங்க."

அவன் போனான்.

மாசிபியா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஷாங்கே பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தாள். கொட்டகையில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். மெஷின் சுற்றியதை. இரண்டு பாட்டிலை. வாசலில் மறித்ததை. முதுகைப் பற்றி அவன் சொன்னதை.

முதுகு என்ற இடத்தில் மாசிபியாவின் தலை குனிந்தது.

"அன்னிக்குக் காலையில ரெண்டாவது தடவை ஒரு மூட்டை வந்துச்சு மேடம்," என்றாள். "ஏன்னு நான் கேக்கல. வேலை தலைக்கு மேல இருந்துச்சு. அவரு ஏதோ சொல்ல வந்தாரு. குடிச்ச வாயோட கிட்ட வராதேன்னு விரட்டிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதுல்ல."

"ஆறு வாரம் மேடம்! தினம் இந்த இடத்தைத் தாண்டித்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் அவரைத் திட்டிக்கிட்டே போனேன். எவ மடியில படுத்துக் கிடக்கியோன்னு..."

இப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. ஷாங்கே அவள் முதுகில் கையை வைத்தாள். மரக்கட்டையாக இறுகிப்போன முதுகு.  இரண்டு பேரும் எதிரே நின்ற சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று வந்து காடு முழுக்க அசைந்தது.

"இது பூரா அவரு சண்டை போட்டு வாங்கினதா மேடம்?"

"பூரா."

மாசிபியா மூக்கை உறிஞ்சினாள். தலைத் துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். அழுகையோடு அழுகையாக ஒரு சிரிப்பும் வந்துவிட்டது.

"தப்புத்தண்டா அத்தனையும் எனக்குத் தெரியாமதான் செய்வாரு மேடம்... நல்லது ஒண்ணே ஒண்ணு செஞ்சாரு. அதையும் எனக்குத் தெரியாமதான் செஞ்சிருக்காரு, அந்த மனுஷன்!"